ஹிஸ்ட்ரிசிடே குடும்பமும் வெள்ளச்சியும்

எங்கள் ஓய்வூதியர் சங்கக் கூட்டத்துக்குப் போன மாதம் ஓர் இளைஞர் வந்திருந்தார். வேளாண்மைத் துறையில் புதிதாகச் சேர்ந்தவர். பயிரைச் சேதம் செய்யும் பிராணிகளின் பெயரை இனிமேல் எழுத வேண்டியதில்லை, எண் போட்டால் போதும் என்று உத்தரவு வந்திருக்கிறதாம். எலிக்கு ஒரு எண், காட்டுப் பன்றிக்கு ஒரு எண். முள்ளம்பன்றிக்கு என்ன எண் என்று கேட்டேன். அதற்குத் தனியாக இல்லை, 'மற்றவை'யில் போட்டுவிட வேண்டியதுதான் என்றார்.

சபேசன் சார் இன்று உயிரோடு இல்லையே என்று நான் எத்தனையோ நாள் வருந்தியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அதில் ஒரு சௌகரியமும் இருக்கிறது என்று தெரிந்தது. ஏன் சிரிக்கிறீர்கள் என்று இளைஞர் கேட்டார். வாயால் சொன்னால் நேரமாகும், எழுதித் தருகிறேன் என்றேன். இது அவருக்காக எழுதியது.

நான் கிராம சேவக்காக வேலைக்குச் சேர்ந்தது ஐம்பதுகளின் நடுவில். பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எருக்குழி வெட்டவும், மேடையில் நின்று பேசவும், சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டவும் சொல்லிக்கொடுத்தார்கள். இவற்றில் பஞ்சர் ஒட்டுவது மட்டும் கடைசிவரை கைகொடுத்தது.

முதல் வேலை திண்டிவனத்தில். அங்கே சபேசன் சார்தான் விரிவாக்க அதிகாரி. ஒல்லியான மனிதர். வெயிலில் தொப்பி போடுவார், வயலில் குனியும்போது தொப்பியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிடுவார். நான் போய் நின்ற முதல் நாள், ஜன்னலில் உட்கார்ந்திருந்த காக்கையைக் காட்டி அது என்ன என்று கேட்டார். காக்கை என்றேன். "அது நம்ம வீட்டில் கூப்பிடுகிற பேர். அதோட பேர் என்ன?" என்றார். எனக்குத் தெரியவில்லை. அவர் சொன்னார். பேரினம், சிற்றினம் இரண்டையும் சொல்லி, குடும்பத்தையும் சொன்னார். காக்கை அதைக் கேட்டுவிட்டுப் பறந்து போனது. எனக்கும் போய்விடலாம் போலத்தான் இருந்தது.

அவருடைய பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. திண்டிவனத்துக்குத் தெற்கே ஒரு ஊரில் 'பேன்' என்றால் இலையைச் சுரண்டும் ஒரு பூச்சி. பக்கத்து ஊரில் அதே பேன் என்பது சிவப்பாக ஊரும் சிலந்தி வகை. மூன்றாவது ஊரில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி. மூன்று ஊர்க்காரர்களும் வந்து பேனுக்கு மருந்து கேட்பார்கள். எனக்கு முன்னால் இருந்தவர் மூன்று ஊருக்கும் ஒரே மருந்தைக் கொடுத்திருக்கிறார். ஒரு ஊரில் பூச்சி செத்தது. மற்ற இரண்டு ஊரிலும் எனக்கு முன்னால் இருந்தவரின் நல்ல பெயர் கெட்டது.

அதனால் சாரிடம் ஒரு முறை உண்டு. எந்தச் சேதமானாலும் மேலிருந்து படிப்படியாக இறங்க வேண்டும். முதலில் வகுப்பு, பிறகு வரிசை, பிறகு குடும்பம், பேரினம், சிற்றினம். ஒவ்வொரு படிக்கும் கையில் அத்தாட்சி வேண்டும். எந்தப் படியில் அத்தாட்சி தீர்ந்துபோகிறதோ அந்தப் படியில் நின்றுவிட வேண்டும். ஊகத்தில் அடுத்த படியில் கால் வைக்கக் கூடாது. "தெரியறது வேற, எழுதறது வேற" என்பார். ஆள் நல்லவர்தான். அவரோடு வெளியே சாப்பிடப் போனால் மட்டும் கஷ்டம். கத்தரிக்காய்க்கும் குடும்பம் சொல்லிவிட்டுத்தான் கை வைப்பார்.

அறுபதுகளின் தொடக்கத்தில் இருவரும் விழுப்புரம் பக்கம் மாற்றலாகி வந்தோம். அங்கேதான் இந்த விவகாரம் நடந்தது.

காணைக்கும் கெடாருக்கும் நடுவே ஒரு ஊர். பேர் வேண்டாம், பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த ஊரில் பெரிய வீட்டுக்காரர் வேதாசலம். அவருடைய புன்செய்க் கொல்லையில் ஆனி மாதம் விதைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஆவணியில் காய் பிடித்திருந்தது. விடிந்து போய்ப் பார்த்தால் செடி சாய்ந்து கிடக்கும், காய் இருக்காது, ஓடு சிதறிக் கிடக்கும். வாரக்கணக்கில் இப்படி நடந்தது.

ஊருக்கு வெளியே ஏரிக்கரையை ஒட்டிய புறம்போக்கில் கன்னியப்பன் என்பவர் குடிசை போட்டுக்கொண்டு பன்றி வளர்த்தார். (அந்தக் காலத்தில் நாங்கள் எல்லோரும் அவரை 'அவன்' என்றுதான் சொன்னோம். எழுதும்போதாவது திருத்திக்கொள்கிறேன்.) பன்றி இருக்கிறது, மல்லாட்டை போகிறது, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று ஊர் முடிவு செய்துவிட்டது. வேதாசலத்தின் ஆட்கள் ஒரு நாள் காலையில் போய் அவருடைய தாய்ப்பன்றியைத் தடியால் அடித்தே கொன்றுவிட்டார்கள். வெள்ளச்சி என்று அதற்குப் பெயர். பால் குடிக்கிற குட்டிகள் இருந்தன. அது போதாதென்று, கன்னியப்பன் பன்றிகளையும் பெண்டாட்டி பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ஊர் எல்லையைத் தாண்டிப் போய்விட வேண்டும், குடிசையைப் பிரித்துவிடுவது என்று பேச்சு நடந்தது. திரௌபதை அம்மன் கோயில் வாசலில் கூட்டம் போட்டுத் தீர்ப்புச் சொல்ல நாளும் குறித்தார்கள். சொந்த நிலம் ஒரு முழம்கூட இல்லாத மனிதர். போனால் எங்கே போவார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

எங்களிடம் வந்தவர் வேதாசலம்தான். பன்றியால் பயிர் அழிந்தது என்று அதிகாரி ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தால் கூட்டத்தில் காட்ட வசதியாக இருக்கும் என்றார். பிற்பாடு போலீஸ், கச்சேரி என்று வந்தாலும் உதவும் என்று நினைத்திருக்கலாம். சார் அவரை உட்காரவைத்து, "பன்றி என்று நீங்கள் பார்த்தீர்களா?" என்று கேட்டார். பார்க்கவில்லை என்றார். "அப்போது நாங்கள் வந்து பார்க்கிறோம்" என்று சொல்லி அனுப்பினார். வேதாசலத்துக்கு அது சம்மதமாகத்தான் பட்டது. கொல்லையைப் பார்த்தவர்கள் வேறு எதைச் சொல்லப்போகிறார்கள் என்று நினைத்திருப்பார்.

மறுநாள் காலை வெயில் ஏறின பிறகு போனோம். சார் தொப்பியை என்னிடம் கொடுத்துவிட்டு வரப்போரம் குந்தினார். பூதக்கண்ணாடி, அளவு நாடா, காகித உறைகள், ஒரு தகரப் பெட்டி. யாரும் பேசக் கூடாது. முதலில் மண்ணைப் பார்த்தார். பன்றி மூக்கால் நிலத்தை உழுது புரட்டும். இங்கே செடியின் அடியில் மட்டும் குழி பறித்திருந்தது. பன்றி காயை ஓட்டோடு மென்றுவிடும். இங்கே ஓட்டைக் கடித்து உடைத்துப் பருப்பை மட்டும் தின்றுவிட்டு ஓட்டை விட்டிருந்தது. ஓர் ஓட்டை எடுத்துக் கண்ணாடியில் வைத்து எனக்கும் காட்டினார். உளியால் செதுக்கினது போல இரண்டு பல் தடம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தது. வரப்பில் நின்ற வேப்பங்கன்றின் அடிப்பட்டையிலும் அதே தடம். "கொறிக்கிற வரிசை. ரோடென்ஷியா" என்றார். எலி, அணில், பெருச்சாளி, முள்ளம்பன்றி எல்லாம் அந்த வரிசைதான். முள்ளம்பன்றிக்குப் பெயரில்தான் பன்றி. பன்றிக்குக் குடும்பம் சூயிடே. இதற்கு ஹிஸ்ட்ரிசிடே. இரண்டும் ஒரு பந்தியில் உட்காராது. அமெரிக்காவில் மரம் ஏறுகிற முள்ளம்பன்றி ஒன்று உண்டாம். முள் இருக்கிறது என்பதற்காக அதையும் இந்தக் குடும்பத்தில் சேர்க்க மாட்டார்களாம், அது வேறு குடும்பம். இதையெல்லாம் சார் குந்தின வாக்கிலேயே சொன்னார். நான் தொப்பியோடு நின்று கேட்டேன்.

பல் தடத்தின் அகலத்தைப் பார்த்தால் முள்ளம்பன்றிதான் என்று எனக்கே தெரிந்தது. அப்படியே எழுதிவிடலாமே என்றேன். "பெரிய பெருச்சாளியாக இருந்தால்? அது முரிடே குடும்பம்" என்றார். குடும்பத்துக்கு அத்தாட்சி வேண்டும். மண் காய்ந்து கெட்டிப்பட்டிருந்ததால் கால் தடம் இல்லை. வரப்பு முழுவதும் ஆட்டு மந்தை மேய்ந்திருந்தது. ஆட்டுப் புழுக்கைகளுக்கு நடுவில் ஆட்டுடையது அல்லாத புழுக்கையைத் தேடி ஒரு முற்பகல் போனது. அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்தது இதற்கும் சேர்த்துத்தான்.

மிச்சம் இருந்தது முள். முள்ளம்பன்றி வந்த இடத்தில் ஒன்றிரண்டு முள்ளாவது உதிர்ந்து கிடக்க வேண்டும். ஊர்க்காரர்களும் அதைத்தான் கேட்டார்கள். கூடி நின்றவர்களில் ஒருவர், முள்ளம்பன்றி வந்தால் அம்பு மாதிரி முள்ளை விட்டுவிட்டுப் போகுமே, எங்கே ஒரு முள்ளையாவது காட்டுங்கள் பார்க்கலாம் என்றார். அது அம்பு விடாது, தானாகக் கழன்று விழும் என்று சார் திருத்தினார். எப்படி விழுந்தாலும் சரி, முள் எங்கே என்று அவர் திரும்பவும் கேட்டார்.  அடுத்தடுத்த நாட்களிலும் போனோம். கொல்லையைக் கோடு போட்டுப் பிரித்துக்கொண்டு நடந்தோம். ஒரு முள்கூடக் கிடைக்கவில்லை.

திரும்பும் வழியில் கன்னியப்பன் சைக்கிளை மறித்து நின்றார். இன்னா ஆச்சு என்று கேட்டார். கொறிக்கிற பிராணி என்பது வரை தெரிந்திருக்கிறது, மேற்கொண்டு தெரியவில்லை என்று சார் சொன்னார். அவர் சொன்னது உண்மை. ஆனால் குடிசை பிரிபடப்போகும் மனிதனிடம் சொல்கிற பதிலா அது என்று எனக்குக் கோபம் வந்தது. முள் இல்லாமலே எழுதுங்கள் என்று அன்று சாரிடம் சண்டை போட்டேன். இன்றைக்கு நமக்குப் பிடித்தவனுக்காக ஊகத்தில் எழுதினால் நாளைக்கு வேதாசலம் கேட்கும்போது எதைச் சொல்லி மறுப்பது என்றார்.  

கூட்டம் குறித்த நாளன்று காலையில் வேதாசலம் வீட்டில் விசேஷம். அவருடைய மருமகளுக்குச் சீமந்தம். அந்த ஊரில் வளைகாப்பு எல்லா வீட்டிலும் உண்டு. விழுப்புரத்திலிருந்து புரோகிதரை வரவழைத்து ஓமம் வளர்த்துச் சீமந்தம் செய்வது தங்கள் வீட்டில்தான் முதல் என்று வேதாசலம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். காலையில் விருந்து, மாலையில் கோயில் வாசலில் கன்னியப்பனை ஊரைவிட்டு அனுப்புவது என்று அவருடைய ஏற்பாடு. எங்களையும் அழைத்திருந்தார். அழைப்பை மறுப்பது மரியாதை இல்லை என்று சார் வந்தார். நான் சாப்பாட்டுக்காக வந்தேன்.

முன்வரிசையில் பாய் போட்டு உட்காரவைத்தார்கள். பலகாரத் தட்டும் வந்தது. மருமகள் பலகையில் உட்கார்ந்திருந்தாள். மந்திரம் சொல்லிக்கொண்டே வந்த புரோகிதர், வேதாசலத்தின் பையனைப் பெண்ணுக்குப் பின்னால் நிற்கச் சொல்லி, அவன் கையில் நீளமாக ஒன்றைக் கொடுத்து, நெற்றியிலிருந்து உச்சிவரை வகிடு எடுக்கச் சொன்னார். பையன் எடுத்தான்.

சார் கையில் இருந்த வடையைத் தட்டில் வைத்தார். பிறகு எழுந்தார். விசேஷ வீட்டில், பெண்கள் கூடி நிற்கிற இடத்தில், பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணின் தலைக்கு நேரே ஓர் அதிகாரி பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு நடந்து போவதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்தேன். மேளக்காரர்கூட ஒரு கணம் நிறுத்திவிட்டார். புரோகிதர் மட்டும் பதறாமல், மந்திரம் முடியட்டும் என்று கையைக் காட்டினார். சார் நின்றார். மந்திரம் முடிந்தது. முள்ளைக் கையில் வாங்கினார். சீமந்தத்துக்கு முள்ளம்பன்றி முள்ளால்தான் வகிடு பிரிக்க வேண்டும், மூன்று வெள்ளைக் கோடு உள்ள முள்ளாகப் பார்க்க வேண்டும் என்பது சாஸ்திரம் என்று புரோகிதர் விளக்கினார். சார் கேட்டுக்கொண்டாரா என்று தெரியவில்லை. முள்ளின் அடிப்பக்கத்தைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். அடி வெள்ளையாக இருந்தது, செம்மண் இன்னும் ஒட்டியிருந்தது.

நாட்டு மருந்துக் கடையில் வாங்கினதா என்று புரோகிதரைக் கேட்டார். இல்லை, வீட்டு அம்மா கொடுத்தார் என்றார் அவர். வேதாசலத்தின் மனைவி அஞ்சலாட்சி அம்மாள் தாம்பாளத்தோடு பக்கத்தில்தான் நின்றார்.

"கடையில இன்னாத்துக்கு வாங்கணும்?" என்றார் அந்த அம்மாள். "நம்ம கொல்லையிலதான் பொறுக்கினேன். புல்லறுக்கப் போற பொண்ணுங்ககூட கருக்கல்லயே போய்டுவேன். தெனத்துக்கும் ரெண்டு மூணு கெடக்கும். அவங்க தலைக்கு வகிடு எடுக்கணும்னு எடுத்துக்கினு போறாங்க. நான் நல்லதா பாத்து எடுத்து வச்சேன்."

 இதை ஏன் இத்தனை நாளாகச் சொல்லவில்லை என்று வேதாசலம் மனைவியைக் கேட்டார்.

"என்ன யாரு கேட்டது? நீங்க பன்னிய பத்தியே பேசிக்கினு இருந்தீங்க."

நாங்கள் கொல்லைக்குப் போனதெல்லாம் வெயில் ஏறின பிறகு. அதற்குள் அந்த ஊர்ப் பெண்கள் அத்தாட்சியை எல்லாம் எடுத்துத் தலையில் வகிடு பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். நாங்கள் முள்ளைத் தேடி நடந்த வரப்பில் எதிரே வந்த பெண்களுக்கு வழி விட்டு விலகி நின்றோமே தவிர, ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அஞ்சலாட்சி அம்மாள் உள்ளே போய் ஒரு மூங்கில் குழாயைக் கொண்டுவந்தார். அது நிறைய முள். சார் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. "ஹிஸ்ட்ரிக்ஸ் இண்டிகா" என்றார். புரோகிதர் அதை ஏதோ மந்திரம் என்று நினைத்து அட்சதையைப் போட்டுவிட்டார்.

மாலையில் கோயில் வாசலில் கூட்டம் கூடியது. கன்னியப்பன் தூரத்தில், செருப்பில்லாமல், குட்டிகளில் ஒன்றைக் கையில் பிடித்தபடி நின்றார். சார் எழுந்து, வகுப்பில் தொடங்கிச் சிற்றினம் வரை ஒவ்வொரு படியாகச் சொல்லி முடித்தார். ஒருவருக்கும் புரியவில்லை. ஆனால் மூங்கில் குழாய் நடுவில் இருந்தது, அது எல்லோருக்கும் புரிந்தது. வேதாசலம் அந்த முள் தன் கொல்லை முள் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அன்று காலையில் அதே முள்ளால்தான் தன் வம்சத்துக்கு வகிடு எடுத்திருந்தார். அதைப் பொய் என்று எந்த வாயால் சொல்வார்? "வேற ஜோலி இருந்தா பாருங்கப்பா" என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு எழுந்தார். தீர்ப்பு அவ்வளவுதான். கன்னியப்பன் இருக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. போக வேண்டும் என்றும் யாரும் சொல்லவில்லை.

வேதாசலம் மன்னிப்புக் கேட்கவில்லை. விருந்தில் மீந்த சோற்றை ஒரு கூடையில் அனுப்பினார். கன்னியப்பன் அதை வாங்கிக் குட்டிகளுக்கு வைத்தார்.

நாங்கள் கிளம்பும்போது அவர் மறுபடியும் சைக்கிள் முன்னால் வந்து நின்றார். "சாமி, வெள்ளச்சி பண்ணலன்னு அதுல எழுதுங்க" என்றார்.

செத்துப்போனதற்கு இனி எழுதி என்ன ஆகப்போகிறது என்று நான்தான் சொன்னேன். ஆறுதலாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னேன்.

"செத்துதான் போச்சு சாமி. திருடின்னு பேரு வச்சி இல்ல சாவடிச்சாங்க."

சார் சைக்கிளை நிறுத்தி ஏரிக்கரைக் கல்லில் உட்கார்ந்தார். பேனாவைத் திறந்தார். சேதம் செய்த பிராணியின் முழுப் பெயரையும் எழுதி, அதற்குக் கீழே, சேதத்தில் சம்பந்தம் இல்லாதது, வெள்ளச்சி, கன்னியப்பன் வளர்த்தது, தவறாகக் கொல்லப்பட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார். எழுதியதைத் தமிழில் படித்தும் காட்டினார். அவர் அலுவலகக் காகிதத்தில் ஒரு பிராணியின் வீட்டுப் பெயரை எழுதியதை நான் பார்த்தது அன்றுதான்.

அந்த அறிக்கைக்கு மேலிடத்திலிருந்து இரண்டு பலன் வந்தது. வரிசை ரோடென்ஷியா என்று இருந்ததால் முதலில் ஒரு கட்டு எலிப்பொறி வந்தது. முள்ளம்பன்றியின் மூக்கு நுழையாத பொறி. வேதாசலம் வாங்கிப்போய்த் தன் குதிரில் எலி பிடித்தார். முள்ளம்பன்றிக்கு அவர் பனைமட்டை நட்டு வேலி கட்டினார். அதோடு அது வருவது நின்றது. அதன் பிறகு ஒரு குறிப்பு வந்தது: வெள்ளச்சி என்பது யார், அறிக்கைக்கு அவசியமில்லாத அந்த வரியை அடித்து அனுப்பவும் என்று. உத்தரவு என்றால் கமாவைக்கூட மாற்றாத மனிதர் சபேசன் சார். பதில் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "அடிக்க இயலாது. குடும்பம்: சூயிடே. சேதத்தில் பங்கு: இல்லை." மேற்கொண்டு யாரும் கேட்கவில்லை.

அடுத்த முறை அந்தப் பக்கம் போனபோது கன்னியப்பனிடம் இதைச் சொன்னேன். மகிழ்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் பன்றித் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அத எனக்கு எதுக்கு சொல்றீங்க? ஊர்ல சொல்லுங்க" என்றார்.

நியாயம்தான் என்று பட்டது. ஊருக்குள் போனேன். டீக்கடை பெஞ்சில் நாலைந்து பேர் இருந்தார்கள். கொல்லையில் முள் எங்கே என்று கேட்டவரும் இருந்தார். வெள்ளச்சி ஒன்றும் செய்யவில்லை என்று அரசாங்கத்திலேயே எழுதி வைத்தாயிற்று என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"அது எங்களுக்கு அப்பவே தெரியும் சார்" என்றார் அவர். "எங்கூட்டுப் பொம்பளையே நாலு முள்ளு வச்சிக்கினு இருந்தா. பெரிய வூட்டுக்காரு பன்னின்னு சொல்லிட்டாரு. அதுக்கு மேல நாம இன்னா சொல்றது?"

சொல்லிவிட்டு, உட்காருங்கள் என்று பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். நான் உட்காரவில்லை.